சுண்டுவிரல் மரத்துப்போனால் முழங்கையைப் பாருங்கள்

மோதிரவிரலின் நுனியை ஒரு சின்னப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். முதலில் நடுவிரலை ஒட்டிய பக்கம், பிறகு சுண்டுவிரலை ஒட்டிய பக்கம். ஒரே விரலில் ஒரு பக்கம் பஞ்சு நன்றாகத் தெரிந்து, மறுபக்கம் மேலே துணி சுற்றியிருப்பது போல மந்தமாக இருந்தால், சுண்டுவிரலுக்குப் போகும் அல்னார் நரம்பு வழியில் எங்கோ நசுங்குகிறது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பெரும்பாலும் அந்த இடம் முழங்கை.

மோதிரவிரலின் நடுவே கோடு கிழித்தது போல இரண்டு நரம்புகளின் எல்லை ஓடுகிறது. கட்டைவிரலில் தொடங்கி மோதிரவிரலின் பாதி வரை மீடியன் நரம்புக்குச் சொந்தம். மீதிப் பாதியும் சுண்டுவிரலும் அல்னார் நரம்புக்கு. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதைக் கார்ப்பல் டனல் என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கையில் அதற்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வருவது முழங்கையில் அல்னார் நரம்பு நசுங்கும் இந்தத் தொல்லை. மருத்துவர் சீட்டில் க்யூபிடல் டனல் சிண்ட்ரோம் என்று எழுதுவார். 1958இல் கனடாவின் ஃபெய்ன்டெல், ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற இரு மருத்துவர்கள் வைத்த பெயர் அது.

நரம்பு போகும் பாதை

முழங்கையின் உட்புறத்தில், உடலை ஒட்டிய பக்கம், ஓர் எலும்பு மேடு துருத்திக்கொண்டிருக்கும். முழங்கையின் கூர் முனை இன்னொரு எலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் மறு கையின் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதை மெதுவாக நெருடினால் உள்ளே ஒரு கயிறு உருளும். அதுதான் அல்னார் நரம்பு. முழங்கை எதிலாவது இடிபட்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்கிறதே, அந்த அடி விழுவது இந்தக் கயிற்றின் மேல்தான். உடம்பின் பெரிய நரம்புகள் அநேகமாகத் தசைக்கு அடியில் பத்திரமாக ஓடுகின்றன. இதுவோ இந்த ஓரிடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே, மெத்தை இல்லாமல் கிடக்கிறது.

கழுத்தின் அடியில் தண்டுவடத்திலிருந்து வரும் எட்டாம் கழுத்து வேரும் முதல் மார்பு வேரும்தான் இந்த நரம்பின் மூலம். அங்கிருந்து அக்குள் வழியாக மேற்கையின் உட்பக்கம் இறங்கி, எலும்பு மேட்டுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தைக் கடக்கிறது. பள்ளத்தின் மேல் கூரை போல ஒரு நார்ப்பட்டை மூடியிருக்கிறது. அதைத் தாண்டியதும் முன்கைத் தசை ஒன்றின் இரண்டு தலைகளுக்கு நடுவே நுழைந்து, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குப் போய்ச் சேர்கிறது. நசுங்கல் பெரும்பாலும் நிகழ்வது அந்த நார்ப்பட்டைக்கு அடியில், அல்லது தசைக்குள் நுழையும் வாயில்.

மடக்கினால் என்ன நடக்கிறது

மீடியன் நரம்பு முழங்கைக்கு முன்புறமாகப் போகிறது. முழங்கையை மடக்கினால் அது தளரும். அல்னார் நரம்போ பின்புறமாகச் சுற்றிப் போவதால் மடக்கும்போது விறைத்து இழுபடும். முழுக்க மடக்கும்போது அது ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீள வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் மேலே இருக்கும் நார்ப்பட்டையும் இறுகிப் பள்ளத்தை அமுக்குகிறது. வட்டமாக இருந்த குகை தட்டையாகி, கொள்ளளவு பாதியளவுக்குச் சுருங்குகிறது. இழுப்பும் அழுத்தமும் ஒரே நேரத்தில் வருகின்றன.

நரம்பு உயிரோடு இருப்பது அதன் மேல் படர்ந்த மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களால். சிறிது அழுத்தம் கூடினாலே அந்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். சில நிமிடங்கள் என்றால் பாதகமில்லை. கையை நீட்டியதும் ரத்தம் திரும்பும், விறுவிறுவென்று எறும்பு ஊரும், சரியாகிவிடும். சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துத் தெளிவதும் இதே கதைதான். ஆனால் தினமும் ஆறு ஏழு மணி நேரம், மாதக்கணக்கில் இது நடந்தால் நரம்பின் மேலுறை நைந்துபோகிறது. இன்னும் போனால் உறைக்குள் இருக்கும் இழையே அறுபடத் தொடங்குகிறது. உறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களில் புதிதாக வளர்ந்துவிடும். இழை அறுந்தால் கணக்கே வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

ஆறு ஏழு மணி நேரம் யார் முழங்கையை மடக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றலாம். தூங்குகிறவர்கள் எல்லோரும்தான். தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூங்குவது, கையை மார்போடு சுருட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பது, இரண்டும் முழங்கையை விடியும் வரை முழு மடக்கில் வைத்திருக்கும். பகலில் அதே வேலையைச் செய்வது கைப்பேசி. காதில் வைத்துப் பேசினாலும், படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் முழங்கை மடங்கியே இருக்கும்.

மடக்குவது ஒரு பக்கம். ஊன்றுவது இன்னொரு பக்கம். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி மடிக்கணினி பார்ப்பது, பேருந்து ஜன்னல் கம்பியில் முழங்கையைக் கொடுத்துச் சாய்ந்தபடி பயணம் செய்வது, கார்க் கதவின் மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது எல்லாம் நரம்பை எலும்போடு வைத்து நேராக நசுக்குகின்றன.

சிலருக்குப் பழக்கம் காரணமாக இருக்காது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கையின் வெளிப்புற எலும்பு முறிந்து, அது சரியாகக் கூடாமல் போயிருந்தால், வளர வளரக் கை வெளிப்பக்கமாக வளையும். நரம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக இழுபட்டு, பத்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூட விரல் மரக்கத் தொடங்கும். பழைய முறிவு இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். இன்னும் சிலருக்கு மடக்கும்போதெல்லாம் நரம்பு பள்ளத்தை விட்டு வெளியேறி எலும்பு மேட்டின் மேல் தாவிக் குதிக்கும். பள்ளத்தில் விரல் வைத்துக்கொண்டு மடக்கி நீட்டினால் டக்கென்று தெரியும். பலருக்கு இது எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு தரும்போது சிகிச்சை மாறும்.

எப்படித் தெரியும்

ஆரம்பத்தில் மரப்பு வந்து போகும். இரவில் எழுப்பும், கையை நீட்டி உதறினால் போய்விடும். முழங்கையின் உட்புறம் லேசாகக் கடுக்கும். இந்த நிலையில் மிகப் பலர், கைக்கு ரத்த ஓட்டம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இடது கை என்றால் இதயப் பயமும் சேர்ந்துகொள்கிறது. பயம் நியாயமானதே: நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றோடு கை வலித்தால் எதையும் யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் மடக்கும்போது வந்து, நீட்டினால் போய், இரண்டு விரல்களோடு நின்றுகொள்ளும் மரப்பு பெரும்பாலும் நரம்பின் வேலை.

அடுத்ததாகக் கை நுணுக்கத்தை இழக்கும். கையின் உள்ளே இருக்கும் சின்னத் தசைகளில் பெரும்பாலானவை அல்னார் நரம்பின் வசம்தான். விரல்களை விரிப்பது, ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிப்பது, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு அழுத்துவது எல்லாம் அவற்றின் வேலை. வலது கை என்றால் இதைச் சாப்பாட்டுத் தட்டு முதலில் சொல்லிவிடும்: ரசம் சாதத்தைக் குவித்து எடுக்கும்போது சுண்டுவிரல் பக்கம் இடைவெளி விட்டு ஒழுகும். சட்டைப் பைக்குள் கைவிட்டால் சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்று மாட்டிக்கொள்ளும். பூட்டில் சாவியைத் திருப்ப வலு போதாது. பொத்தான் போட நேரம் பிடிக்கும்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம்.

முழங்கையை முழுக்க மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். அதற்குள் சுண்டுவிரலில் விறுவிறுப்பு தொடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. ஒன்றும் வராததால் நோய் இல்லை என்றாகிவிடாது.

செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே, சாவி பிடிப்பது போலப் பிடியுங்கள். கட்டைவிரல் நேராக இருக்க வேண்டும். இன்னொருவர் காகிதத்தை இழுக்கட்டும். நல்ல கையில் கட்டைவிரல் நேராகவே நின்று பிடிக்கும். அல்னார் நரம்பு தளர்ந்த கையில், காகிதத்தை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கிக்கொள்ளும். வேலை செய்ய முடியாத தசைக்குப் பதிலாக மீடியன் நரம்பின் தசை கைகொடுக்க வருகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஃப்ரோமென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் இது. இன்றும் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது, இரண்டு புறங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை ஒரு கையில் புடைப்பாகவும், மற்றதில் குழிந்தும் இருக்கிறதா? புறங்கை எலும்புகளின் நடுவே வாய்க்கால் வெட்டியது போலப் பள்ளங்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் தசை கரையத் தொடங்கிவிட்டது. இந்த ஒரு அடையாளம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். வலியே இல்லாமல் சதை கரைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. வலி இல்லையே என்று அவர்கள் காத்திருப்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய நஷ்டம்.

முழங்கைதானா, வேறு இடமா?

இதே நரம்பு மணிக்கட்டிலும் நசுங்கலாம். வித்தியாசம் புறங்கையில் இருக்கிறது. புறங்கையின் சுண்டுவிரல் பக்கத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னாலேயே பிரிந்துவிடும். அதனால் உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்து, புறங்கை நன்றாக இருந்தால் சிக்கல் மணிக்கட்டில். புறங்கையும் சேர்ந்து மரத்தால் அதற்கு மேலே.

கழுத்து எலும்பில் நரம்பு வேர் அழுந்தினாலும் சுண்டுவிரல் மரக்கும். அப்போது முன்கையின் உட்புறத் தோலும் சேர்ந்து மரக்கும், கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கும். முழங்கைச் சிக்கலில் மரப்பு பொதுவாக மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறாது. தோள்பட்டையில் விடாத வலி, அதோடு அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்குவது இரண்டும் சேர்ந்தால், குறிப்பாகப் புகைபிடிப்பவருக்கு, நுரையீரலின் உச்சியில் கட்டி எதுவும் நரம்பை அழுத்துகிறதா என்று படமெடுத்துப் பார்ப்பது அவசியம். இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து மரத்தால் சர்க்கரை, பி12 குறைபாடு போன்றவற்றைத் தேட வேண்டும்.

நம் நாட்டில் இன்னொன்றையும் விடாமல் பார்க்க வேண்டும்: தொழுநோய். அது தாக்கும் நரம்புகளில் முன்வரிசையில் இருப்பது முழங்கையில் ஓடும் இதே அல்னார் நரம்பு. எலும்பு மேட்டுக்குச் சற்று மேலே நரம்பு தடித்து, தொட்டால் வலிக்கும் கயிறாகத் தெரிந்தாலோ, உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற திட்டு இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நரம்பு வீங்கியிருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையும் மருத்துவர் மேற்பார்வையில் வேண்டும். மடங்கிப்போன தொழுநோய்க் கைகளுக்குத் தசைநாரை இடம் மாற்றித் தைத்து வேலை செய்ய வைக்கும் அறுவை சிகிச்சையை 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தார். அல்னார் நரம்பு நிரந்தரமாகக் கெட்ட கைகளுக்கு, காரணம் எதுவானாலும், அதே வழிமுறைகள் இன்றும் கைகொடுக்கின்றன.

மருத்துவர் என்சிவி, இஎம்ஜி என்ற பரிசோதனைகளை எழுதுவார். நரம்பில் சின்ன மின்துடிப்பு கொடுத்து, அது முழங்கையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று என்சிவி அளக்கிறது. முழங்கைப் பகுதியில் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழே போனாலோ, முன்கையில் இருக்கும் வேகத்தை விட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ நசுங்கல் என்று பொருள் கொள்கிறார்கள். இஎம்ஜியில் தசைக்குள் மெல்லிய ஊசி செருகி, இழைகள் அறுந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். வந்து போகும் நிலையில் ரிப்போர்ட் நார்மலாக வருவது சகஜம். அறிகுறி தெளிவாக இருந்தால் அதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம்.

முதல் சிகிச்சை: முழங்கையை நீட்டி வைப்பது

மரப்பு வந்து போகிற நிலை, சதை கரையவில்லை, வலு குறையவில்லை என்றால் கத்திக்கு அவசரமே இல்லை. என்னென்ன செய்யக் கூடாது என்பதைச் சரியாக விளக்கிச் சொல்லி, நோயாளி அதைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். 2009இல் வெளியான ஒரு ஸ்வீடிஷ் ஆய்வில், விளக்கம் மட்டும் பெற்றவர்களும், அதோடு இரவுக் கட்டோ நரம்புப் பயிற்சியோ சேர்த்துச் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைமை முன்னேறியிருந்தது. ஆக, மருந்தின் பெரும்பகுதி பழக்கத்தை மாற்றுவதில் இருக்கிறது. இரவுக் கட்டு அந்தப் பழக்கத்துக்குத் துணை. தூக்கத்தில் கை தானாக மடங்குகிறவருக்கு அது நல்ல துணை.

கடையில் விற்கும் பட்டை வாங்கலாம். தேங்காய்ப்பூத் துவாலை ஒன்று போதும் என்பதே எங்கள் அனுபவம். குளிக்கும் அளவுத் துவாலையை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். கையைத் தளர்வாக நீட்டி, முழுக்க விறைக்காமல் லேசான மடக்கில், அதாவது 30 முதல் 45 டிகிரி வரை, வைத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் நேராகக் கட்டினால் தோளும் முழங்கையும் கடுத்து, நடுராத்திரியில் அவிழ்த்து எறிந்துவிடுவீர்கள். துவாலையின் நடுப்பகுதி முழங்கையின் முன் மடிப்பில் வரும்படி சுற்றுங்கள். தடிமன் இருக்க வேண்டியது அந்த மடிப்பில்தான், மடங்க விடாமல் தடுப்பது அதுதான். பிறகு க்ரேப் பாண்டேஜால் மேலும் கீழும் இரண்டு சுற்று, நடுவில் ஒரு சுற்று. கட்டுக்குள் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். நரம்பு இருக்கும் உட்புறப் பள்ளத்தின் மேல் முடிச்சோ கொக்கியோ வரக் கூடாது. இறுக்கிக் கட்டி, கட்டே நரம்பை நசுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. காலையில் விரல் வீங்கியிருந்தாலோ மரப்பு அதிகமானாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். விளையாட்டுக் கடையில் கிடைக்கும் முழங்கைப் பேட் கையில் இருந்தால், பகலில் பஞ்சுப் பகுதியைப் பின்னால் வைத்து ஊன்றும் அழுத்தத்தைத் தடுக்கலாம். இரவில் அதையே திருப்பி முன் மடிப்பில் வைத்தால் மடங்காது. ஒரே பொருளில் இரண்டு வேலை.

மல்லாந்து படுப்பவர் கையின் கீழ் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளலாம். ஒருக்களிப்பவர் மார்போடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, மேலே இருக்கும் கையை அதன் மேல் நீட்டிப் போடலாம். பாதிக்கப்பட்ட கை கீழே வராதபடி படுங்கள்.

பகலில் ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: முழங்கை 90 டிகிரிக்கு மேல் மடங்கியபடி நீண்ட நேரம் இருக்கக் கூடாது. தொலைபேசிக்கு ஹெட்செட். கணினியில் விசைப்பலகையைச் சற்றுத் தள்ளி வைத்து, முழங்கை 100, 110 டிகிரி திறந்திருக்கும்படி (கை முழுக்க நீண்டால் 180 என்ற கணக்கில்) உட்காருங்கள். நாற்காலிக் கைப்பிடி கெட்டியாக இருந்தால் மெத்தை சுற்றுங்கள். முழங்கை அதில் படாமல் முன்கையின் சதைப்பகுதி தாங்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை கையைத் தொங்கவிட்டு நீட்டுங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் டம்பெல்லைத் தலைக்குப் பின்னால் மடக்கி இறக்கும் ட்ரைசெப்ஸ் பயிற்சியையும், புல்-அப்பையும் சில மாதங்கள் விட்டுவிட வேண்டும். யோகா செய்பவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம். முழங்கை மடங்கி, தரையில் ஊன்றி, மேலே உடம்பின் எடையும் விழுகிறது.

நரம்பு அதன் குகைக்குள் சைக்கிள் பிரேக் வயர் போல முன்னும் பின்னும் நழுவ வேண்டும். வீங்கி ஒட்டிக்கொண்டால் நழுவாது. மடக்கும்போது அதே இடத்தில் இழுபடும். அதற்குத்தான் நழுவல் பயிற்சி. கையை முன்னால் இடுப்புக்கும் தோளுக்கும் நடு உயரத்தில் நீட்டுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கை நீண்டிருக்கும்போது மணிக்கட்டையும் விரல்களையும் கீழ்நோக்கிப் பின்னால் வளையுங்கள். பிறகு முழங்கையை மடக்கிக்கொண்டே மணிக்கட்டை உங்களை நோக்கிச் சுருட்டுங்கள். ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனையில் தளர்த்துகிறீர்கள். அதனால் நரம்பு நீளாமல் நழுவுகிறது. ஒரு வேளைக்கு 5 முதல் 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை, நிதானமாக. பயிற்சியில் விறுவிறுப்பு வந்து சில நொடிகளில் போய்விட வேண்டும். போகாமல் நின்றால் வளைக்கும் தூரத்தைக் குறையுங்கள். இழுத்துப் பிடித்து அப்படியே நிறுத்துவது நசுங்கிய நரம்புக்குக் கெடுதல்.

வலிக்காக நாலைந்து நாள் வலிநிவாரணி சாப்பிடலாம், வயிறும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால். ப்ரீகாபாலின், காபாபென்டின் வகை மாத்திரைகள் எரிச்சலைக் குறைக்கும், நசுங்கலை எடுக்காது. நரம்புச் சத்து என்று எழுதித்தரப்படும் பி12 மாத்திரை, ரத்தத்தில் பி12 குறைந்திருப்பவருக்கு மட்டுமே உதவும். மற்றவருக்கு அது காசுக்குக் கேடு. அதைவிடக் கெடுதல், அதைச் சாப்பிட்டுக்கொண்டே சதை கரைவதைக் கவனிக்காமல் இருப்பது. கார்ப்பல் டனலில் பலன் தரும் ஸ்டீராய்டு ஊசி இங்கே அந்த அளவுக்குப் பலன் காட்டவில்லை. எண்ணெய் போட்டு நரம்பை நீவி விடுவதும் வேண்டாம். தோளையும் முன்கையையும் நீவலாம், பள்ளத்தின் மேல் விரல் படவே கூடாது.

மரத்த விரல்களுக்குச் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடம் அந்த விரல்களுக்கு வேண்டாம். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது சுண்டுவிரல் பக்கம் கொப்பளித்த பிறகே பலருக்குச் சூடு பட்டது தெரிகிறது. கரித்துணியை இரட்டையாக மடித்துப் பிடியுங்கள். ராத்திரி படுக்குமுன் அந்த இரண்டு விரல்களையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

எவ்வளவு நாள் பொறுப்பது

ஒழுங்காகச் செய்தால் மூன்று மாதம். முதலில் குறைவது இரவில் விழிப்பு வருவது. சில வாரங்களிலேயே தெரியும். அடுத்துப் பகலில் மரக்கும் நேரங்கள் குறையும். நுனியில் இருக்கும் மந்தம் கடைசியாகப் போகும். வாரத்துக்கு ஒரு நாள், எத்தனை இரவு விழித்தீர்கள், காகிதச் சோதனை எப்படி என்று நாட்காட்டியில் குறித்துவைத்தால் முன்னேற்றமா இல்லையா என்பதில் குழப்பம் இருக்காது.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். மரப்பு நாள் முழுக்க விடாமல் நிற்கிறது, பிடியில் வலு குறைகிறது, சதை குழிகிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் பருந்தின் நகம் போல மடங்கத் தொடங்குகின்றன — இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரமே கை அறுவை நிபுணரையோ, எலும்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரையோ பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்குக் காரணம் உண்டு. அறுந்த நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை 25 முதல் 30 சென்டிமீட்டர். எட்டிலிருந்து பத்து மாதப் பயணம். நரம்பு இல்லாமல் கிடக்கும் தசையோ ஒன்று ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது, நாராக மாறிவிடும். நரம்பு போய்ச் சேரும்போது அங்கே தசை இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சையும் அதன் பிறகும்

எளிய முறையில், எலும்பு மேட்டுக்குப் பின்னால் சில சென்டிமீட்டர் கீறி, நார்ப்பட்டையையும் தசைவாயையும் பிளந்து நரம்பை விடுவிக்கிறார்கள். நரம்பு அதே இடத்தில் இருக்கும். இன்னொரு முறையில் நரம்பையே எலும்பு மேட்டுக்கு முன்புறம் மாற்றி வைக்கிறார்கள், தோலுக்கு அடியிலோ தசைக்கு அடியிலோ. அப்புறம் முழங்கையை மடக்கினால் அது இழுபடாது. சாதாரண நசுங்கலில் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். இடம் மாற்றுவதில் புண் தொடர்பான சிக்கல் சற்றுக் கூடுதல் என்பதால், எளிய முறை போதுமென்றால் அதுவே நல்லது. நரம்பு மேட்டைத் தாவிக் குதிப்பவருக்கும், பழைய முறிவால் கை வளைந்தவருக்கும், முதல் அறுவை பலிக்காதவருக்கும் இடம் மாற்றுவது பொருத்தம். எந்த முறை, ஏன் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எளிய முறையில் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். முழங்கையையும் சில நாட்களில் மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்குவார்கள், நரம்பு தழும்போடு ஒட்டிவிடாமலிருக்க. தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். கனமான குடம், சிலிண்டர் தூக்குவதெல்லாம் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குப் பிறகு. நரம்பைத் தசைக்கு அடியில் மாற்றி வைத்திருந்தால் கை இரண்டு மூன்று வாரம் கட்டுக்குள் இருக்கும். வேலைக்குத் திரும்ப இன்னும் தாமதமாகும். வெட்டிய இடத்துக்குக் கீழே தோலில் ஒரு திட்டு மரத்திருப்பது சிலருக்கு நேரும். அங்கே குறுக்கே ஓடும் ஒரு சின்னத் தோல் நரம்பு இழுபட்டதால் வருவது அது. பெரும்பாலும் குறையும். தொட்டாலே சுரீரென்று தைத்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வந்து போகும் மரப்போடு அறுவைக்குப் போனவருக்குச் சில நாட்களிலேயே இரவுத் தூக்கம் திரும்பிவிடலாம். சதை கரைந்த பிறகு போனவருக்கு நோய் முற்றுவது நிற்கும். பழைய சதை முழுக்கத் திரும்பும் என்ற உறுதியை எந்த மருத்துவரும் தர முடியாது. வலு திரும்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் முன்கைத் தசைகள் முதலில், உள்ளங்கைத் தசைகள் பிறகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை கடைசியாக.

இந்த வரிசையால் ஒரு பயமுறுத்தல் நேரும். விரல் நுனிகளை மடக்கும் முன்கைத் தசை முதலில் உயிர் பெறுகிறது. அதைச் சமன்செய்ய வேண்டிய உள்ளங்கைத் தசைகள் இன்னும் விழிக்கவில்லை. அதனால் அறுவைக்குச் சில மாதங்கள் கழித்துச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முன்பை விட அதிகமாக மடங்கி நிற்கலாம். கெட்டுவிட்டது என்று பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நரம்பு மேலிருந்து கீழே வந்துகொண்டிருக்கிறது. அந்த மாதங்களில் விரல்களின் அடிமூட்டுகள் பின்னால் சாய்ந்துவிடாமல் தாங்கும் சின்ன ஸ்ப்ளின்ட் ஒன்றைப் பிசியோதெரபிஸ்டிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு, நாளுக்குப் பல முறை மறு கையால் அந்த இரண்டு விரல்களையும் முழுக்க நீட்டி, மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு இறுகிப்போனால், தசை திரும்பி வந்தாலும் விரல் நீளாது.